புறப்புண்

புறநானூற்றின் 65, 66ஆம் பாடல்களை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஒரே கேள்வி ஏதாவதொரு மூலையிலிருந்து எழும். வெண்ணிப் போரில் கரிகாலனை எதிர்த்த சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகில் புண்பட்டான். அப்புண்ணுக்கு நாணி, வாளோடு வடக்கிருந்து உயிர் துறந்தான். கழாத்தலையார் அவன் பொருட்டு ஊரே களையிழந்துபோனதைப் பாடுகிறார். வெண்ணிக்குயத்தியாரோ வென்ற கரிகாலனை நோக்கியே, உன்னைக் காட்டிலும் அவன் நல்லவன் அல்லனோ என்று கேட்டுவிடுகிறார். மாணவரின் கேள்வி எளிமையானது. "முதுகுல காயம்னா ஓடிட்டான்னுதானே சார் அர்த்தம்? ஓடினவனை ஏன் சார் இவ்வளவு புகழறாங்க?"

இதற்கு வழிவழியாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு. கரிகாலன் மார்பைக் குறித்தே வேலை எறிந்தான். அது மார்பில் புகுந்து முதுகில் வெளிப்பட்டது. சேரன் ஓடவில்லை, முகம் கொடுத்தே நின்றான். ஆயினும் முதுகில் ஒரு புண் தோன்றிவிட்டது. பார்ப்பவர் அதைப் புறப்புண் என்றே கொள்வர் என்பதால் நாணினான். மார்பில் ஏற்பது விழுப்புண், முதுகில் ஏற்பது புறப்புண் என்ற பாகுபாட்டில் வாழ்ந்த சமூகம் அது. விழுப்புண் படாத நாள்களையெல்லாம் வீணாய்ப் போன நாள்களாக எண்ணும் வீரனை வள்ளுவரும் படைச்செருக்கில் காட்டுகிறார்.

பல ஆண்டுகளாக இந்த விடையைச் சொல்லிவருகிறேன். சொல்லச் சொல்ல ஒன்று புலப்பட்டது. அந்த விடை இலக்கிய விளக்கம் மட்டுமன்று. அதற்குள் ஒரு தடய அறிவியல் விளக்கமும் இருக்கிறது. ஓர் உடலில் இரண்டு துளைகள் உள்ளன. எது ஆயுதம் புகுந்த துளை, எது வெளியேறிய துளை? துப்பாக்கிச் சூட்டில் இறந்தவரின் உடல் மேசைமேல் கிடத்தப்படும்போது மருத்துவர் விடை காண முனையும் முதற் கேள்விகளுள் இதுவும் ஒன்று. வேலின் இடத்தில் தோட்டா வந்திருக்கிறது. கேள்வி மாறவில்லை.

தமிழ் படித்தவனுக்குப் பிணவறையில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நான் வாழும் வட்டாரமே இதற்குக் காரணம். வெளியூர்க்காரர்களுக்கு ஓசூர் என்றால் சிப்காட், வாகனத் தொழிற்சாலைகள், ரோஜாத் தோட்டங்கள், அத்திப்பள்ளி எல்லையில் நகராமல் நிற்கும் லாரிகள். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அஞ்செட்டி பக்கம் திரும்பினால் காட்சி மாறிவிடும். காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தின் காடு தொடங்கும். காட்டோரத்து ராகி வயல்களில் இரவில் பன்றி இறங்கும். பன்றி இறங்கும் ஊர்களில் நாட்டுத் துப்பாக்கி இருக்கும். உரிமமில்லாத துப்பாக்கிகளைத் தாமாக முன்வந்து ஒப்படைத்தால் நடவடிக்கை இல்லை என்று காவல்துறை அவ்வப்போது அறிவிக்கும். அடுத்த சில நாள்களில் ஊர்ப் பொதுவிடத்தில் யார் வைத்தது என்று தெரியாமல் துப்பாக்கிகள் கிடக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இது பழகிப்போன செய்தி.

இந்த நாட்டுத் துப்பாக்கி தொழிற்சாலையில் வார்த்ததன்று. நீண்ட இரும்புக் குழல், மரக்கட்டை, குதிரை, அவ்வளவுதான். குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரையோ கந்தல் துணியையோ காகிதத்தையோ கம்பியால் இடித்துத் திணித்து, அதன்மேல் ஈயக் குண்டையோ ரவையையோ இட்டு, மீண்டும் அடைத்துச் சுடுவார்கள். பல நேரங்களில் குண்டாவது 'பால்ரஸ்'. மிதிவண்டிச் சக்கரத்திலும் இயந்திரங்களிலும் உருளும் அதே சிறு எஃகுக் குண்டு. எவ்வளவு மருந்து, எத்தனை குண்டு என்பதெல்லாம் சுடுபவரின் கைக்கணக்கு. இந்தக் கைக்கணக்கு தடய அறிவியலுக்கு எவ்வளவு பெரிய தலைவலி என்பது பின்னால்தான் எனக்கு விளங்கியது.

என் தாய்மாமா ஒருவருக்கு வலது தொடையின் பின்பக்கத்திலிருந்து கெண்டைக்கால் வரை கருநீலப் புள்ளிகள் சில சிதறிக் கிடந்தன. சிறுவயதில் அவர் கோவணத்தோடு கிணற்றடியில் குளிக்கும்போது அவற்றை எண்ணியிருக்கிறேன். ஒன்பது. ஒன்றை மட்டும் விரலால் அழுத்தினால் தோலுக்கடியில் கடலைப்பருப்பளவு ஏதோ நகரும்.

"இது என்ன மாமா?"

"முள்ளுடா. வேலியில உழுந்தேன்."

அவர் இறந்து கருமாதியெல்லாம் முடிந்த பிறகு அம்மா சொன்னாள். "முள்ளும் இல்ல, மண்ணும் இல்ல. பன்னிக்குப் போனப்ப கூடப் போனவன் சுட்டது. இருட்டுல இவரு முன்னாடி நடந்திருக்காரு. தொரை அசையுதுன்னு பின்னாலிருந்து சுட்டுட்டான்." சுட்டவர் பங்காளி முறை. துப்பாக்கிக்கு உரிமம் கிடையாது. மருத்துவமனைக்குப் போனால் வழக்காகும். எனவே ஊரிலேயே ஒருவர் சவரக்கத்தியால் கீறி எடுக்க முடிந்த குண்டுகளை எடுத்து, மஞ்சள் வைத்துக் கட்டினார். இவ்வளவும் புரிந்தது. ஒன்றுதான் புரியவில்லை. "சரிம்மா, வழக்குக்குப் பயந்தாங்க. எங்ககிட்ட ஏன் முள்ளுன்னு சொன்னாரு?" அம்மா சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பின்னாடி பட்டுதில்ல. பன்னியப் பாத்து ஓடுனான்னு சிரிப்பாங்கன்னு."

பெருஞ்சேரலாதனுக்கும் என் மாமாவுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகள். நாணம் ஒன்றுதான். பிழை செய்தவன் பின்னாலிருந்து சுட்டவன். நாணியவரோ சுடப்பட்டவர். அதன்பின்தான் காயங்களைப் பற்றிய நூல்களை நான் தேடிப் படிக்கலானேன். சட்ட மருத்துவ நூல்கள் எல்லாமே ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன: காயம் சாட்சி சொல்லும், ஆனால் அதன் மொழி அறிந்தவர் கேட்க வேண்டும், அந்தச் சாட்சியைத் திரித்துவிடும் காரணிகள் பல.

அவற்றுள் தலையாயது தொலைவு. துப்பாக்கி சுடும்போது குழலிலிருந்து வெளிவருவது குண்டு மட்டுமன்று. தீயும், சூடான வளியும், கரிப்புகையும், எரிந்தும் எரியாமலும் இருக்கும் மருந்துத் துகள்களும் உடன் பாய்கின்றன. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு தூரம்வரைதான் செல்லும். குழல்வாய் தோலில் அழுந்தியிருக்கச் சுட்டால் எல்லாமே காயத்திற்குள் புகுந்துவிடும். நெற்றிபோலத் தோலுக்கு அடியிலேயே எலும்பு இருக்கும் இடமானால், உட்புகுந்த வளி வெளியேற வழியின்றித் தோலை உப்பச் செய்து விண்மீன் வடிவில் கிழிக்கும். அத்தகைய காயம் பெரிதாகவும் கோரமாகவும் இருப்பதால், பழகாத கண் அதை வெளியேறிய காயம் என்றே நினைக்கும். சற்றுத் தள்ளிச் சுட்டால் காயத்தைச் சுற்றிக் கரி படியும். கைத்துப்பாக்கியானால் இது ஏறத்தாழ ஓரடித் தொலைவுக்குள் நிகழ்வது. இன்னும் தள்ளி, இரண்டு மூன்று அடிவரை, மருந்துத் துகள்கள் தோலில் தைத்துப் பச்சை குத்தியதுபோலப் புள்ளிகளை உண்டாக்கும். கரியைத் துடைத்துவிடலாம், இந்தப் பச்சையைத் துடைக்க முடியாது. அதற்கும் அப்பால் குண்டு மட்டுமே வந்து சேரும். பத்தடியா, நூறடியா என்று அந்தக் காயத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது.

இந்த அளவுகளும் எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவல்ல. குழலின் நீளம், மருந்தின் வகை, தோட்டாவின் அமைப்பு என ஒவ்வொன்றும் இவற்றை மாற்றும். எனவேதான் நல்ல ஆய்வாளர் நூலில் உள்ள அளவை அப்படியே சொல்வதில்லை. வழக்கில் சிக்கிய அதே துப்பாக்கியால், அதே வகைத் தோட்டாவை, வெவ்வேறு தூரத்திலிருந்து துணியிலோ அட்டையிலோ சுட்டு, அந்த வடுக்களை உடலின் வடுவோடு ஒப்பிடுகிறார். நாட்டுத் துப்பாக்கியில் இந்த ஒப்பீடும் தடுமாறும். கருமருந்து மிகுதியாகப் புகையும். தொழிற்சாலை மருந்தைவிட அதிகமாகக் கரியையும் தீப்பொறியையும் கக்கும். ரவைகள் ஏறத்தாழ ஒரு மீட்டர்வரை ஒரே கட்டாகப் புகுந்து ஒரே துளையிடும். பின்னர் துளையின் ஓரம் எலி கடித்ததுபோல நெளியும். இன்னும் விலகினால் ஒவ்வொரு ரவையும் தன் வழியே சிதறும். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு சிதறும் என்பது இடித்த இடியையும் போட்ட மருந்தையும் பொறுத்தது. அன்று எவ்வளவு போட்டோம் என்று சுட்டவருக்கே நினைவிராது. என் மாமாவின் காலில் ஒன்பது புள்ளிகள் இடுப்புக்குக் கீழே கால் முழுதும் சிதறியிருந்தன. சுட்டவர் அருகில் இல்லை என்று மட்டும் என்னால் சொல்ல முடியும். எத்தனை அடி என்று சொல்ல முடியாது.

புகுந்த காயத்துக்கும் வெளியேறிய காயத்துக்கும் உரிய பொது இலக்கணம் எளிமையானது. குண்டு புகுமிடத்தில் தோல் உட்புறமாக அழுந்தி, நீண்டு, பிறகு துளைபடும். அழுந்தியபோது உராய்ந்த ஓரம் சிராய்ப்பு வளையமாக நிற்கும். தோல் மீண்டும் சுருங்குவதால் துளை குண்டைவிடச் சிறிதாகக்கூட இருக்கலாம். வெளியேறும் இடத்தில் தோல் உள்ளிருந்து வெளியே கிழியும். ஒழுங்கற்ற வடிவம், வெளிநோக்கிப் பிதுங்கிய ஓரம், சிராய்ப்பு வளையம் இராது. குண்டு சாய்வாக வந்திருந்தால் வளையம் ஒருபக்கம் அகன்று, வந்த திசையைக் காட்டும்.

இலக்கணம் என்றால் புறனடையும் இருக்க வேண்டுமே. சுவரில் சாய்ந்திருந்தவர், தரையில் படுத்திருந்தவர், இறுக்கமான இடைவார் அணிந்திருந்தவர் ஆகியோரிடம் வெளியேறும் குண்டு தோலை அந்தக் கடினப் பரப்பில் நசுக்கிவிடும். அங்கும் சிராய்ப்பு வளையம் தோன்றி, வெளியேறிய காயம் புகுந்த காயமாக வேடமிடும். கல்லிலோ கம்பத்திலோ பட்டுத் தெறித்த குண்டு நேராக வராது, புரண்டு வந்து விழும். அது புகுந்த துளை கோணல்மாணலாக இருக்கும். ஒரே குண்டு கையைத் துளைத்து மார்பில் புகுந்தால் மூன்று நான்கு துளைகள்கூட இருக்கும். துளைகளை எண்ணிச் சூடுகளை எண்ண முடியாது. தோல் இப்படி ஏமாற்றும் இடங்களில் மருத்துவர் எலும்பை நாடுகிறார். மண்டையோட்டின் சுவர் உட்படலம், வெளிப்படலம் என இரண்டு கொண்டது. குண்டு புகும் பக்கத்தில் துளை உள்நோக்கிப் புனல்போல விரியும். வெளியேறும் பக்கத்தில் வெளிநோக்கி விரியும். தோலைவிட எலும்பு எளிதில் பொய் சொல்வதில்லை.

உடை இன்னொரு காரணி. சட்டை அணிந்தவரின் மார்பில் கரியும் துகளும் சட்டையிலேயே தங்கிவிடும். உடலை மட்டும் பார்த்தால் தொலைவிலிருந்து சுட்டதாகத் தோன்றும். எனவே சட்டை உடலின் ஒரு பகுதியைப் போன்றது. ஆனால் உயிரைக் காக்கும் பரபரப்பில் மருத்துவமனைப் பணியாளர் கத்தரிப்பது பெரும்பாலும் அதைத்தான். சில வேளை சரியாக அந்தத் துளையின் வழியாகவே கத்தரிக்கோல் ஓடியிருக்கும். அறுவை மருத்துவர் குண்டுத் துளையையே அகட்டிக் குழாய் செருகியிருக்கலாம். அதில் தவறு ஏதுமில்லை, உயிர்தான் முதன்மை. ஆயினும் பின்னர் வரும் ஆய்வாளருக்கு அது அழிக்கப்பட்ட எழுத்து. காட்டில் சில நாள் கிடந்த உடலானால் எறும்பு அரித்த தோல் சிராய்ப்புப்போலத் தெரியும். அழுகல் துளையின் ஓரத்தைச் சிதைக்கும். எங்கள் பக்கத்துக் காடுகளில் இது வெறும் கற்பனையன்று.

தகடூர்க்காரர்களான எங்களுக்குக் காயத்தைப் பற்றிய வேறொரு பழம்பாடமும் உண்டு. இன்றைய தருமபுரியே அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர். 2004 பிப்ரவரியில் பிரியும்வரை கிருஷ்ணகிரியும் அந்த மாவட்டத்திற்குள்தான் இருந்தது. அவனைப் பாடிய ஔவையாரின் பாடல் புறநானூற்றின் 93ஆவது. போரில் படாமல் நோயுற்று இறந்த மன்னரைத் தருப்பைப் புல்லில் கிடத்தி, வீரர் செல்லும் உலகுக்கு இவரும் செல்க என்று வாளால் கீறி அடக்கம் செய்யும் வழக்கத்தை அதில் குறிப்பிடுகிறார். களத்திலேயே புண்பட்டு நிற்கும் அதியமானுக்கு அந்தப் பொய்ப்புண் தேவையில்லை என்பது பாட்டின் பெருமிதம்.

இறந்தபின் இட்ட புண்ணையும் உயிரோடிருந்தபோது பட்ட புண்ணையும் வேறுபடுத்துவது இன்றைய சட்ட மருத்துவத்தின் தனிப் பாடம். உயிருள்ள தசையில் காயம் பட்டால் குருதி சுற்றியுள்ள திசுக்களுக்குள் ஊறும். காயம்பட்டவர் சிறிது நேரமாவது உயிரோடிருந்தால் வீக்கமும், நுண்ணோக்கியில் தெரியும் உயிரணு மாற்றங்களும் தொடங்கும். இறந்த உடலில் இட்ட புண் வெளிறி, வறண்டு நிற்கும். தருப்பைப் புல்லில் வாள்தொட்ட மன்னனின் உடலை இன்றைய மருத்துவர் பார்த்தால், வீர சுவர்க்கத்தின் வாயில் அவனுக்கு அடைபட்டுவிடும். நகைச்சுவையாகச் சொன்னாலும் இதில் கனமான பொருள் உண்டு. காயத்தை உண்டாக்கிக் கதையை மாற்றும் ஆசை பழமையானது. அதைக் கண்டுபிடிக்கும் கலைதான் புதியது.

தமிழ்நாட்டில் பெருந்திரளான மக்கள் பார்த்த துப்பாக்கிக் காயம் 1967 ஜனவரி 12 அன்று நேர்ந்தது. ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் இடது காதருகே புகுந்து கழுத்தில் தங்கியது. ராதாவின் உடலிலும் குண்டுகள் பாய்ந்திருந்தன. அவை அவரே சுட்டுக்கொண்டவை என்பது அரசுத் தரப்பு. முதலில் சுட்டவர் எம்.ஜி.ஆர் என்பது ராதாவின் தரப்பு. கைக்கெட்டும் தொலைவில் சுட்டும் இருவரும் பிழைத்தார்கள். தோட்டாக்கள் பல ஆண்டுப் பழையவை, அவற்றின் வேகம் குன்றியிருந்தது என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. தோட்டாவின் அகவையும் காயத்தின் தோற்றத்தை மாற்றும் காரணிகளுள் ஒன்று என்பதற்கு இதைவிடப் பெயர்பெற்ற சான்று நம்மிடம் இல்லை. விசாரணை நீதிமன்றம் ராதாவுக்கு ஏழாண்டுச் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் அதை ஐந்தாகக் குறைத்தது.

ஆனால் மக்கள் அந்தக் காயத்தை நீதிமன்றத்தில் படிக்கவில்லை, சுவரொட்டியில் படித்தார்கள். கழுத்தில் கட்டோடு படுக்கையில் இருந்த எம்.ஜி.ஆரின் படம் அடுத்த மாதத் தேர்தலில் ஊர்தோறும் ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதிக்கு வராமலேயே அவர் வென்றார். விழுப்புண்ணைப் போற்றும் மரபு தேர்தல் காலத்திலும் உயிரோடிருந்தது என்று இதைப் படிக்கத் தோன்றுகிறது.

காயம் சொல்லாததையும் சொல்லிவிட வேண்டும். எந்தத் திசை, ஏறத்தாழ எவ்வளவு அருகு, எவ்வகைத் துப்பாக்கி என்று காயம் கூறும். யார் சுட்டார் என்று கூறாது. வசன இலக்கியத்தில் ஆழ்ந்த புலமையுடைய எம்.எம்.கல்புர்கி 2015 ஆகஸ்ட் 30 அன்று தார்வாடில் தம் வீட்டு வாயிலில் சுடப்பட்டார். 2017 செப்டம்பர் 5 அன்று, எங்களுக்கு நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் கௌரி லங்கேஷ் தம் வீட்டு வாயிலில் சுடப்பட்டார். இரண்டு கொலைகளையும் இணைத்தவை காயங்கள் அல்ல. குண்டுகளிலும் காலித் தோட்டாக்களிலும் ஒரே துப்பாக்கி பதித்திருந்த நுண்கீறல்கள்தான். இலக்கியம் கற்பிக்கும் ஒருவன் எல்லையின் இப்பக்கம் அமர்ந்து அச்செய்தியைப் படிப்பது எளிதாக இல்லை. என்றாலும் அறிவியலின் எல்லையை அறிந்துகொள்ள அது உதவியது. காயம் ஒரு சாட்சி. வழக்கு முழுவதும் அதுவே அன்று.

ஆனால் சில வழக்குகளில் யார் சுட்டார்கள் என்பது ஐயமே அன்று. சுட்டவர் எந்தத் தரப்பினர் என்பது ஊரறிந்தது. ஏன் சுட்டார்கள் என்பதே கேள்வி. அங்கே காயத்தின் திசை வேறெதையும்விட உரக்கப் பேசுகிறது. 2018 மே 22 தூத்துக்குடி அத்தகையது. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில் ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்றவர்கள்மீது காவல்துறை சுட்டது. அன்றும் அதைத் தொடர்ந்தும் 13 பேர் உயிரிழந்தனர். வன்முறையைக் கட்டுப்படுத்தவே சுட நேர்ந்தது என்பது அன்றைய அரசின் நிலைப்பாடு. உடல்களைப் பாதுகாத்து வைக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில், உடற்கூறாய்வு அறிக்கைகளைப் பார்வையிட்ட ராய்ட்டர்ஸ் நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. இறந்தோரில் 12 பேர் தலையிலோ மார்பிலோ குண்டு பாய்ந்தவர்கள். அவர்களில் பாதிப்பேருக்குக் குண்டு புகுந்தது பின்புறமாக.

நேர்மையோடு பேச வேண்டுமானால் இங்கும் ஒரு புறனடையைச் சொல்லியாக வேண்டும். முதுகில் புகுந்த காயம் ஒன்றை மட்டும் கொண்டு, ஓடுபவரைச் சுட்டார்கள் என்று முடிவுகட்டக் கூடாது. குறிபார்த்து விசையை இழுக்கும் நொடிப்பொழுதுக்குள் எதிரே நிற்பவர் திரும்பிவிடக்கூடும் என்பதைச் சட்ட மருத்துவர் அறிவர். ஒரு காயம் தற்செயலாக இருக்கலாம். ஆனால் பாதிப்பேரும் அதே நொடியில் திரும்பியிருப்பார்களா? நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் இறந்தவர்களின் காயங்களையும், நின்ற இடங்களையும், சுட்ட இடங்களையும் சேர்த்துப் பார்த்தது. 2022 மே மாதம் அரசிடம் அளிக்கப்பட்டு, அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அதன் அறிக்கை, கலைந்து ஓடியவர்கள்மீது மறைவிலிருந்தும் சுடப்பட்டதாகக் கூறியது. காவல்துறை அதிகாரிகள்மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது.

அறிக்கையைப் பற்றிய செய்திகளைப் படித்த நாளில் புறநானூற்றின் 278ஆம் பாடல் எனக்கு வேறாகத் தோன்றத் தொடங்கியது. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் புறமுதுகிட்டான் என்று யாரோ சொல்லக் கேட்ட முதிய தாய், அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் எனச் சூளுரைத்து, வாளேந்திக் களத்தில் பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து கிடந்த மகனைக் கண்டு ஈன்ற பொழுதினும் பெரிது மகிழ்கிறாள். வீரத்தாய் என்று இதுவரை கற்பித்திருக்கிறோம். உற்று நோக்கினால் அவள் செய்தது ஒரு பிண ஆய்வு. ஊர் சொன்ன கதையை அவள் ஏற்கவில்லை. உடலையே பார்த்துவிட வேண்டும் என்று போனாள். தூத்துக்குடியின் அன்னையரும் உடலைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் மருத்துவமனை வாயிலில் நின்றார்கள். வேறுபாடு ஒன்று உண்டு. தன் மகன் முதுகில் புண் இருக்கக் கூடாது என்று சங்கத்தாய் வேண்டினாள். இந்த அன்னையருக்கு முதுகில் இருந்த புண்தான் சான்று. அது அவர்கள் பிள்ளைகளின் இழுக்கன்று. தம் பிள்ளை யாரையும் தாக்கவில்லை என்பதற்கு அந்த உடல் விட்டுச்சென்ற வாக்குமூலம்.

புறப்புண்ணின் நாணம் இப்படி இடம் மாறியிருக்கிறது. வேலும் வாளும் கொண்டு இருவர் எதிரெதிர் நின்ற காலத்தில், முதுகுப் புண் பட்டவனின் கதையைச் சொன்னது. ஒருவர் கையில் துப்பாக்கியும் மற்றவர் கையில் பதாகையும் இருக்கும் காலத்தில் அது சுட்டவரின் கதையைச் சொல்கிறது. இருட்டில் முன்னால் நடந்த என் மாமாவின் கதையிலும் அப்படியே. நாணமோ பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. சுடப்பட்டவர் வீட்டார் அடக்கமாகப் பேசுகிறார்கள், ஊர் "அவன் ஏன் அங்கே போனான்?" என்று கேட்கிறது. ஓடியவனை இகழ்ந்த பழைய மனம் நம்முள் இன்னும் இருக்கிறது. ஓட விட்டுச் சுட்டவரை இகழ அதற்குப் பழக்கமில்லை.

அதைப் பழக்குவது பெரும்பாலும் சலிப்பூட்டும் நடைமுறைகளின் வழியாகத்தான் நடக்கும். காவல்துறை மோதல் சாவுகளில் மாவட்ட மருத்துவமனையின் இரண்டு மருத்துவர்கள் உடற்கூறாய்வு செய்ய வேண்டும், அதை ஒளிப்பதிவு செய்து பாதுகாக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறை அத்தகையது. சட்டையைத் துளையின் குறுக்கே கத்தரிக்காமல் கழற்றி, காற்றாட உலர்த்தி, காகித உறையில் இடுவது அத்தகையது. கழுவும் முன் படமெடுப்பதும், அளவுகோலை அருகே வைப்பதும், மண்டையோட்டுத் துளை எந்தப் பக்கம் விரிகிறது என்று ஒரு வரி எழுதுவதும் அத்தகையவை. 2022 ஜனவரியில் மாநிலத்தில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் கிருஷ்ணகிரியும் ஒன்று. சட்ட மருத்துவம் அங்கே பாடத்திட்டத்தில் இருக்கும் ஒரு பாடம். அதைப் படிக்கும் பிள்ளைகளுள் சிலர் பள்ளியில் பெருஞ்சேரலாதனையும் படித்திருப்பார்கள்.

வகுப்பில் அந்தக் கேள்வி எழும்போது இப்போதெல்லாம் நான் வேறு விடை சொல்கிறேன். "முதுகுல காயம்னா ஓடிட்டான்னுதானே சார்?" என்று கேட்பவரிடம், "இருக்கலாம். முதலில் அது புகுந்த காயமா, வெளியே வந்த காயமா என்று பார். புகுந்த காயம் என்றால், ஓடினான் என்றே வைத்துக்கொள். ஓடுகிறவனை எறிந்தவன் யார் என்று அடுத்துக் கேள்" என்கிறேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாகிறது. பிறகு யாராவது ஒருவர், தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் வருமா என்று கேட்கிறார்.